செவியாவில் ஃபிளமெங்கோ இரவு: விருந்தோடு சேர்த்துப் பதிவு செய்யலாமா?

நீங்கள் கேட்டது இது: ஸ்பெயினின் செவியா நகரில் இரண்டு இரவுகள் தங்கப் போகிறீர்கள். அம்மாவும் கூட வருகிறார். அவர் சைவம், நிறையக் கச்சேரி கேட்பவர். நேரடி ஃபிளமெங்கோவும் (பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேர்ந்த ஸ்பானியக் கலை) பாரம்பரிய ஸ்பானிய விருந்தும் சேர்ந்த ஒரு மாலைக்குச் சீட்டு வாங்கலாமா, அது சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்த போலியா, மொழி தெரியாமல் போய் உட்கார்ந்தால் என்ன விளங்கும்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளமெங்கோவைக் கட்டாயம் பாருங்கள். சாப்பாட்டை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். பிரிக்க வழியில்லை என்றால், நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பரிமாறி முடித்துவிடும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நான் முதன்முதலாகப் போனது விருந்தோடு கூடிய நிகழ்ச்சிக்குத்தான். பாடகர் கண்ணை மூடி, மடியில் கையை ஊன்றிக்கொண்டு, 'ஆய்' என்று ஒரு நீண்ட குரலை எடுத்த அதே நேரத்தில் என் தோளுக்கு மேலாக ஒரு தட்டு வந்து இறங்கியது. பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம். யாரோ இன்னொரு ஜாடி சங்க்ரியா கேட்டார்கள். அப்புறம் ஆட்டக்காரி எழுந்தார், எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம், கைதட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் இரவு, சாப்பாடும் இல்லாத, ஒலிபெருக்கியும் இல்லாத ஒரு சிறிய கூடத்தில் அதே போன்ற ஒரு 'ஆய்' கேட்டபோதுதான் முந்தின இரவு எதை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. நான் ஆட்டத்தைப் பார்த்திருந்தேன், பாட்டைக் கேட்கவே இல்லை.

ஃபிளமெங்கோ என்றதும் நமக்குச் சிவப்புப் பாவாடையும் குதிகால் ஓசையும்தான் நினைவுக்கு வரும். செவியா இருக்கும் தென் ஸ்பெயின் பகுதியான அந்தலூசியாவில் பழம் ரசிகர்களைக் கேட்டால் 'காந்தே', அதாவது பாட்டு, அதுதான் வேர் என்பார்கள். கிதார் பிறகு வந்து சேர்ந்தது. மார்த்தினெத்தே என்ற வகையை இன்றும் கிதார் இல்லாமல்தான் பாடுகிறார்கள். அது கொல்லர் பட்டறையின் பாட்டு, சம்மட்டி விழும் ஓசையே அதற்குத் துணை. செவியாவில் குவாதல்கிவிர் ஆற்றின் மறுகரையில் இருக்கும் த்ரியானா பகுதி அப்படிப்பட்ட பட்டறைகளும் மண்பாண்டத் தொழிலும் நிறைந்திருந்த இடம். ஹிதானோக்கள் என்று ஸ்பானியர் அழைக்கும் ரோமா மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் ஓரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். இப்போது அழகான ஓட்டு வேலைப்பாடுகளோடு நிற்கும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கட்டாயம் ஒன்று கேட்பார்: 'இது நம் ஊரிலிருந்து போனதாமே?' பாதி உண்மை. ரோமா மக்களின் மொழி இந்திய ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களின் முன்னோர் வட இந்தியப் பகுதியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கே நகர்ந்தவர்கள், 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்தார்கள். ஆனால் கதக்கை மூட்டை கட்டிக்கொண்டு போய் அங்கே அவிழ்த்தார்கள் என்பது போன்ற கதைகளை நம்ப வேண்டாம். ஃபிளமெங்கோ அந்தலூசிய மண்ணில் உருவானது. அந்த ஊரின் நாட்டுப்பாடல், அரபு ஆட்சிக் காலத்தின் எச்சங்கள், அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து கப்பலில் திரும்பி வந்த தாளங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஹிதானோக்களின் குரல், இவ்வளவும் சேர்ந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த வடிவத்துக்கு வந்தது. அந்தக் குரலில் உள்ள வலிக்குக் காரணம் தேட ஆயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டியதில்லை. 1749 ஜூலையில், ஆறாம் ஃபெர்னாண்டோ அரசரின் ஆட்சியில், நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஏறக்குறைய 9,000 ஹிதானோக்களைக் கைது செய்தார்கள். ஆண்களைக் கப்பல் கட்டும் தளங்களுக்கும், பெண்களையும் குழந்தைகளையும் வேறு இடங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சிறையும் அம்மாவும் பிரிவும் சாவும் திரும்பத் திரும்ப வரும் பாட்டு வேறெங்கிருந்து வரும்?

மொழி தெரியாதது பெரிய குறை இல்லை. பாடல்கள் மூன்று நான்கு அடிதான். ஒரு சொல்லை ஐந்தாறு சுற்றுச் சுற்றி இழுத்துப் பாடுவார்கள், ஸ்பானியருக்கே பல இடங்களில் சொல் பிடிபடாது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழுப்பு அந்நியமாகவே இருக்காது. கரகரத்த குரலைக் கேட்டு 'தொண்டை கட்டியிருக்கிறதோ' என்று முதலில் தோன்றும். அந்தக் கரகரப்பைத்தான் அங்கே போற்றுகிறார்கள். ஸ்வரங்களும் அம்மாவுக்குப் பழகியவையே. கிதார் வாசிக்கும் பல பண்களில் நம் வகுளாபரண ராகத்தின் ஸ்வரங்கள் கேட்கும். இறங்கி வரும்போது அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக மாறி, தோடியின் நிழல் விழும். இதை ஒற்றுமை என்ற அளவில் ரசித்தால் போதும், உறவு கொண்டாட வேண்டாம்.

தாளத்துக்கு வருவோம். போகும் முன் ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். சொலெயா, அலெக்ரியாஸ், புலெரியாஸ் என்ற மூன்று முக்கிய வகைகளும் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று. அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10 ஆகிய எண்களில். பன்னிரண்டிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக தக. அவ்வளவுதான். மெதுவாகச் சொன்னால் சொலெயா, மூன்று மடங்கு வேகத்தில் சொன்னால் புலெரியாஸ். செகிரியா என்ற மிகத் துயரமான வகையும் இதே பன்னிரண்டுதான், ஆனால் வேறு இடத்தில் தொடங்கும்: தக தக தகிட தகிட தக. தாங்கோஸ் என்றால் நாலு எண்ணிக்கை. அர்ஜென்டினாவின் ஜோடி நடனத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தச் சுற்றை அவர்கள் 'கொம்பாஸ்' என்கிறார்கள். ஹோட்டல் அறையில் அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து பத்து நிமிடம் தொடையில் தட்டிப் பழகினால் போதும், மேடையில் நடப்பதில் பாதி தானாக விளங்கும்.

ஏனென்றால் மேடையில் நடப்பது ஓர் உரையாடல். ஒத்திகை பார்த்து வரிசைப்படுத்திய நடனம் என்று நினைத்துப் பார்த்தால் முக்கியமான ஒன்று நழுவிப்போகும். 'தப்லாவ்' என்ற சொல்லுக்குப் பலகை மேடை என்று பொருள். அதில் ஒரு பாடகர் அல்லது இருவர், ஒரு கிதார்காரர், இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். பல இரவுகளில் அவர்கள் சேர்ந்து ஒத்திகையே பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு மாலைதான் ஒருவரை ஒருவர் சந்தித்திருக்கவும் கூடும். எல்லோருக்கும் கொம்பாஸ் தெரியும், ஒவ்வொரு வகையின் இலக்கணமும் தெரியும். தனி ஆவர்த்தனத்தில் இரண்டு வித்வான்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அது போல.

அலெக்ரியாஸை எடுத்துக்கொள்ளுங்கள். காதிஸ் துறைமுகத்தின் உற்சாகமான பாட்டு இது. பாடகர் முதலில் பொருளற்ற அசைகளைப் பாடுவார், 'திரித்தித்ரான்' என்று கேட்கும். நம் நாட்டுப்புறப் பாட்டின் 'தன்னானே' மாதிரி. ஆட்டக்காரி எழுந்து நடப்பார், அவ்வளவுதான், அவசரமே இருக்காது. பாடகர் ஓர் அடி பாடும்போது ஆட்டக்காரியின் கைகளும் இடுப்பும் மட்டும் அசையும், கால் அடக்கமாக இருக்கும். பாட்டின்மேல் காலை வைத்து மிதிப்பது அங்கே பண்பில்லாத செயல். அடி முடியும் இடத்தில் பட்டென்று ஒரு முத்தாய்ப்பு. பாட்டு வேண்டும் என்று நினைத்தால் முன்னால் வந்து தரையை உரக்கத் தட்டி நிறுத்துவார். அது 'யமாதா', அழைப்பு. உடனே பாடகர் எடுத்துக்கொள்வார். பிறகு கிதார் மட்டும் மெதுவாக, சற்றுச் சோகமான சாயலில் வாசிக்கும் ஒரு பகுதி வரும். அதில் கைகளைப் பாருங்கள், விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மூடுவதைப் பாருங்கள். அதற்கப்புறம்தான் கால் வேலை. மிக மெதுவாகத் தொடங்கி, கிதாரையும் கைதட்டுபவர்களையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வேகம் ஏறும். கடைசியில் எல்லாம் புலெரியாஸாக மாறி, ஆடிக்கொண்டே மேடையை விட்டு வெளியேறுவார்.

இவ்வளவு நேரமும் நீங்கள் ஓரக்கண்ணால் பாடகரைக் கவனியுங்கள். அவர் ஆட்டக்காரியின் முதுகையும் காலையும் விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். நான் இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே பாடகரை மட்டும்தான் பார்ப்பேன். ஆட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

கிதாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைப்ரஸ் மரத்தில் செய்த, எடை குறைந்த, சற்று வறண்ட ஒலி கொண்ட கிதார்தான் மரபானது. மேல்பலகையில் ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும், விரலால் அதைத் தட்டித் தாளம் தருவார்கள். ஆட்டக்காரருக்கும் பாடகருக்கும் துணையாக மட்டுமே இருந்த இந்த வாத்தியத்தை உலக மேடைக்குக் கொண்டுபோனவர்களில் தலையாயவர் அல்ஹெசிராஸில் பிறந்த பாக்கோ தெ லூசியா (1947–2014). சில இடங்களில் ஒருவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டுவார். அது 'கஹோன்', பெரு நாட்டு வாத்தியம். 1970களின் பிற்பகுதியில் பாக்கோவின் குழு வழியாகத்தான் ஃபிளமெங்கோவுக்குள் வந்தது. பழங்காலத்து வாத்தியம் என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். அதே போல், விரல்களில் மாட்டி ஒலிக்கும் காஸ்டனெட் சிப்பிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவை ஃபிளமெங்கோவின் மையத்தில் இல்லை. இல்லாமலே முழு நிகழ்ச்சியும் முடியலாம்.

இனி, போலியா என்ற கேள்வி. சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் காசு கொடுத்துப் பார்ப்பது சுற்றுலாக் காலத்துக் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே 'காஃபே காந்தாந்தே' என்ற பாட்டுக் கடைகள் இருந்தன. பெரும் பாடகர் சில்வேரியோ ஃபிரான்கொனெத்தி 1881இல் செவியாவிலேயே தன் பெயரில் ஒன்றைத் திறந்தார். வீட்டிலும் பட்டறையிலும் பாடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் ஆனது அந்தக் கடைகளில்தான். இன்றைய தப்லாவ்கள் 1950களில் தொடங்கின. மத்ரித் நகரின் கொர்ரால் தெ லா மொரெரியா 1956இலிருந்து நடக்கிறது. அதன் சிறிய உணவகம் சிறந்த சமையலுக்குத் தரும் மிச்செலின் நட்சத்திரமே வாங்கியிருக்கிறது. ஃபிளமெங்கோ பாடகர்களிலேயே மிகவும் நேசிக்கப்பட்ட கமரோன் தெ லா இஸ்லா (1950–1992) இளவயதில் பல ஆண்டுகள் மத்ரித்தின் தொர்ரெஸ் பெர்மெஹாஸ் தப்லாவில் இரவு இரவாகப் பாடியவர். எனவே தப்லாவ் என்றாலே தரம் குறைவு என்று ஒதுக்க வேண்டாம். கலைஞருக்கு அது நிலையான வேலை, பயிற்சிக்களம். கெடுப்பது கரண்டிச் சத்தமும், இருநூறு பேர் கொள்ளும் கூடமும்தான்.

செவியாவில் எங்கே? சான்தா க்ரூஸ் சதுக்கத்தில் உள்ள லோஸ் கயோஸ் 1966இலிருந்து நடக்கும் தப்லாவ். சிறிய இடம், விருந்து கிடையாது. கூனா தெருவின் காசா தெ லா மெமோரியா பழைய மாளிகைக் கட்டடத்தில் இருக்கிறது, அங்கேயும் நிகழ்ச்சி மட்டும்தான். புகழ்பெற்ற ஆட்டக்காரி கிறிஸ்தீனா ஓயோஸ் 2006இல் தொடங்கிய ஃபிளமெங்கோ நடன அருங்காட்சியகத்திலும் மாலையில் நிகழ்ச்சி உண்டு. பகலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மாலையில் ஆட்டம் பார்க்கலாம், முதன்முறை போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே இடத்தில் விருந்தும் வேண்டும் என்றால் 1975இலிருந்து இருக்கும் எல் அரெனால் போன்ற தப்லாவ்கள் உண்டு. பதிவு செய்யும்போதே ஒன்று கேளுங்கள்: சாப்பாடு நிகழ்ச்சிக்கு முன்பா, நிகழ்ச்சியின்போதா? விருந்தோடு சேர்த்தால் கட்டணம் பெரும்பாலும் இரண்டு மடங்காகிவிடும். அந்தக் கூடுதல் பணத்துக்கு வெளியே இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மாலை ஏழு மணி வாக்கில் நடக்கும் காட்சிக்குச் சீட்டு. ஐந்தரைக்கு ஒரு காபியும் ஏதாவது பலகாரமும். நிகழ்ச்சி ஒரு மணி நேரம், சில இடங்களில் சற்றுக் கூடுதல். முடிந்து வெளியே வரும்போது எட்டரை இருக்கும். ஸ்பானியர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதே ஒன்பது மணிக்கு மேல்தான், அதனால் எல்லாக் கடையும் அப்போதுதான் களைகட்டும். கூனா தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எல் ரின்கொன்சீயோ இருக்கிறது. 1670இலிருந்து நடக்கும் கடை. கணக்கை இன்றும் மரப்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள்.

அங்கே அம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்'. பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, பூண்டு, சீரகம், வறுத்து இடித்த ரொட்டி போட்டுக் கெட்டியாகச் செய்வது. செவியாவின் சொந்தச் சாப்பாடு, நம் வீட்டுக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. தேன் அல்லது கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் அந்தலூசியாவில் பல கடைகளில் கிடைக்கும். 'சல்மொரெஹோ' கோர்தொபா ஊரின் குளிர்ந்த தக்காளிக் கூழ். ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்த்து அரைத்தது. வழுவழுப்பாக, அருமையாக இருக்கும். ஆனால் மேலே பன்றித் தொடை இறைச்சித் துணுக்கும் அவித்த முட்டையும் தூவித்தான் தருவார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் கவனம் தேவை. 'இறைச்சி வேண்டாம்' என்றால் பலர் மாடு, கோழி என்ற அளவில்தான் புரிந்துகொள்வார்கள். சாலட்டில் சூரை மீன் வந்துவிடும், கீரையில் ஹமோன் என்ற பன்றித் தொடை இறைச்சித் துண்டு வந்துவிடும். 'சோய் வெஹெதாரியானா, சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' (நான் சைவம், இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் இல்லாமல்) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிரொகெத்தா என்ற உருண்டைகளில் பெரும்பாலும் ஹமோன் இருக்கும், அம்மா தொடாமல் இருப்பது நல்லது. முட்டை சாப்பிடுவார் என்றால் உருளைக்கிழங்கு தோர்த்தீயா, அதாவது கெட்டியான ஆம்லெட், வயிற்றை நிரப்பிவிடும். கடைசியில் 'அர்ரோஸ் கோன் லெச்சே' வாங்கிக் கொடுங்கள். எலுமிச்சைத் தோலும் பட்டையும் மணக்கும் பால் பாயசம் அது.

அசைவம் சாப்பிடும் நீங்கள் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டுவால் குழம்பையும், ஓக் மரக் கொட்டை தின்று வளர்ந்த கரும்பன்றியின் ஹமோனையும் விடக் கூடாது. மது உண்டென்றால் ஹெரெஸ் பகுதியின் ஃபீனோ அல்லது சான்லூகாரின் மன்சனீயா ஒரு சிறு கோப்பை, சில்லென்று. பாயேயா என்ற சோற்று உணவை மட்டும் கேட்காதீர்கள். அது வலென்சியா ஊரின் மதியச் சாப்பாடு. செவியாவில் இரவு பத்து மணிக்கு விருந்துத் தட்டில் வரும் பாயேயா பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சூடு செய்ததுதான்.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஹெரெஸ். அங்கே 'தபாங்கோ' எனப்படும் பழைய மதுக்கடைகளில் பீப்பாய்களுக்கு நடுவே பாடுவார்கள். 1925இல் தொடங்கிய எல் பசாஹே அவற்றில் ஒன்று. கூட்டம் நெரியும், அம்மா நிற்க வேண்டி வரலாம், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் நடந்துகொள்ளும் விதம் பற்றிக் கொஞ்சம். கூடவே கைதட்டாதீர்கள். மேடையில் கைதட்டுவது 'பல்மாஸ்', அது ஒரு வாத்தியம் மாதிரி. நடுவில் நாம் தட்டினால் கொம்பாஸ் கலங்கும். நல்ல இடம் வந்தால் 'ஓலே' சொல்லலாம். நம் சபைகளில் 'பலே' என்று சொல்வது எங்கே விழுமோ, அங்கே இதுவும் விழ வேண்டும், முத்தாய்ப்பு முடிந்த அந்த நொடியில். அம்மாவுக்கு அந்த நேரம் நம்மைவிட நன்றாகவே தெரியும். இருக்கை எண் இல்லாத இடங்களில் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கால் தெரியாத இருக்கையில் பாதி நிகழ்ச்சி போய்விடும். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையைவிட இரண்டாவது மூன்றாவது வரிசை நல்லது. கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள், பெரும்பாலான இடங்களில் கடைசிப் பகுதியில் மட்டும் படம் எடுக்க விடுவார்கள்.

அந்தக் கடைசிப் பகுதிக்கு 'ஃபின் தெ ஃபியெஸ்தா' என்று பெயர். எல்லோரும் வணங்கி முடித்ததும் பலர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் எழாதீர்கள். புலெரியாஸ் மறுபடி தொடங்கும். அதுவரை நாற்காலியிலேயே இருந்த பாடகர் எழுந்து வந்து, கோட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நாலே நாலு அடி வைப்பார். சில இரவுகளில் கிதார்காரரும் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வருவார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அவருக்காகத் தட்டுவார்கள்.